விளக்குத்தண்டும் தண்டனையும்

‘ஏழை படும் பாடு’ - ஒரு மறுவாசிப்பு

தாம் ஏற்று நடித்த பாத்திரத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் சுமந்து வாழ்ந்தவர்கள் தமிழ்த் திரையுலகில் சிலர் உண்டு. அவர்களுள் ஒருவர் ஜாவர் சீதாராமன். 1950-இல் வெளிவந்த ‘ஏழை படும் பாடு’ திரைப்படத்தில் ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக அவர் தோன்றினார். சட்டம் பயின்ற அவர் பின்னாளில் திரைக்கதை ஆசிரியராகவும் நாவலாசிரியராகவும் பெயர் பெற்றார். ஆயினும் ஜாவர் அவரை விட்டு அகலவில்லை. அதே படத்தில் செருகளத்தூர் சாமா ஓர் ஆயராக நடித்தார். அந்த ஆயரின் பெயரை இன்று யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? துரத்தித் துரத்தித் தண்டிக்க முயன்றவரின் பெயர் ஒரு நடிகரின் வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது. மன்னித்து வாழவைத்தவரின் பெயர் திரை மூடியதும் மறைந்துபோனது. இதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாம். ஆனால், குற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் முதலில் யாரைத் தேடுகிறது என்பதற்கு இதை ஓர் அடையாளமாகக் கொள்வதிலும் பிழையில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ 1862-இல் வெளியிட்ட பெருநாவலைத் தமிழில் ‘ஏழை படும் பாடு’ என்று தந்தவர் கவியோகி சுத்தானந்த பாரதியார். புதுவை அரவிந்தர் ஆசிரமத்தில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர் அவர். ஆதலால் அந்தக் கடற்கரைக்கும் இந்தத் தமிழ் நூலுக்கும் ஓர் உறவு உண்டு. புதுவையிலிருந்து வடக்கே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோட்டக்குப்பத்தையும் சின்ன முதலியார் சாவடியையும் தாண்டினால் பொம்மையார்பாளையம் என்னும் மீனவர் ஊர் வரும். அது தமிழ்நாடு. இன்னும் சற்று வடக்கே சென்றால் காலாப்பட்டு. அது மீண்டும் புதுச்சேரி நிலம். புதுச்சேரியின் மத்தியச் சிறைச்சாலை அங்கேதான் இருக்கிறது. அதற்கும் வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். ஆயரும் ஜாவரும் எதிரெதிரே நிற்கும் அந்தக் கதையை இந்தச் சாலையோரத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊருக்குத் தீங்கு செய்பவனை ஒறுப்பதா, தாங்குவதா என்னும் கேள்வி இங்கே நூல்களில் மட்டும் உறங்கிக் கிடக்கவில்லை. 2023-ஆம் ஆண்டிலும் 2024-ஆம் ஆண்டிலும் அது பிணங்களோடு வந்து நம் வாசலில் நின்றது.

ஆயர் செய்தது என்ன?

கதையின் தொடக்கத்தை அன்பர்கள் அறிவார்கள். சகோதரியின் ஏழு பிள்ளைகள் பசியால் வாடுவதைக் காணப் பொறாத ழான் வால்ழான், ரொட்டிக் கடையின் கண்ணாடியை உடைத்து ஒரு ரொட்டியைத் திருடுகிறான். அதற்கு ஐந்தாண்டுத் தண்டனை. தப்பியோட முயன்றதால் அது வளர்ந்து வளர்ந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகிறது. 1815-இல் அவன் வெளியே வரும்போது அரசு அவன் கையில் ஒரு மஞ்சள் சீட்டைத் தருகிறது. போகும் ஊர்தோறும் அதைக் காட்டியாக வேண்டும். காட்டினால் சத்திரத்தில் இடமில்லை. நாய்க்கூண்டில் கூட இடமில்லை. இடம் தருகிற ஒரே வீடு தீஞ் நகர ஆயரின் வீடு. நள்ளிரவில் அவ்வீட்டின் வெள்ளிப் பாத்திரங்களையே அவன் திருடிச் செல்கிறான். காவலர் பிடித்து வருகின்றனர். பாத்திரங்களை நானே இவருக்குக் கொடுத்தேன் என்று சொல்லும் ஆயர், மறந்து விட்டுப்போனீர்களே என்று இரண்டு வெள்ளி விளக்குத்தண்டுகளையும் எடுத்து அவன் கையில் தருகிறார்.

நம் மேடைகளிலும் மறையுரைகளிலும் இந்தக் காட்சி பலமுறை எடுத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. மன்னிப்பின் மாண்பு என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். ஆயர் செய்தது அவ்வளவு எளியதன்று. அவர் மூன்று செயல்களைச் செய்கிறார். திருட்டுக்கு முன்பே அவனை ஐயா என்று மரியாதையோடு விளித்து, தம்மோடு ஒரே மேசையில் அமர்த்தி, வெள்ளிப் பாத்திரங்களை வைத்து உணவிடுகிறார். அதாவது, அவன் நல்லவன் என்று மெய்ப்பித்த பிறகு வந்த மரியாதை அன்று அது. திருட்டுக்குப் பின்பு, மீண்டும் சிறைக்குப் போகாதபடி அவனைக் காக்கிறார். மூன்றாவதாக, காவலர் அகன்ற பின் தனிமையில், இந்த வெள்ளியை நேர்மையான மனிதனாக வாழ்வதற்கே பயன்படுத்த வேண்டும் என்று அவன்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறார். நாம் கூறும் மன்னிப்பில் இந்த மூன்றாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. நாம் வழங்கும் தண்டனையிலோ முதல் பகுதி அறவே இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வால்ழான் பாத்திரங்களை விற்று அந்தப் பணத்தை முதலாகக் கொண்டு வாழ்வைத் தொடங்குகிறான். விளக்குத்தண்டுகளை மட்டும் சாகும்வரை விற்காமல் வைத்திருக்கிறான். வயிற்றுக்கு உதவியது பாத்திரம். மனச்சான்றுக்கு உதவியது விளக்குத்தண்டு. ஆதரவு என்று நாம் சொல்வதில் இவை இரண்டும் இருக்க வேண்டும் என்பதை ஹ்யூகோ ஒரு பொருளின் வழியாகவே உணர்த்திவிடுகிறார்.

தீஞ் நகரில் உண்மையாகவே ஆயராக இருந்த பியான்வெனு தெ மியோலிஸ் என்பவரை மனத்தில் வைத்தே இப்பாத்திரம் படைக்கப்பட்டது என்பர். ஆயினும் இந்நூல் 1864 முதல் 1959 வரை திருச்சபையின் தடை நூற்பட்டியலில் இருந்தது. தமிழில் படம் வந்த 1950-லும் அந்தத் தடை நீங்கவில்லை. உலக இலக்கியத்தில் ஆயர் ஒருவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த சித்திரங்களுள் ஒன்று, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நம் கைக்கு எட்டாமல் வைக்கப்பட்டிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மன்னிப்புக்குப் பிறகு ஒரு திருட்டு

திரைப்படங்களும் சுருக்கப் பதிப்புகளும் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் அத்தியாயம் உண்டு. ஆயரிடம் விடைபெற்றுச் சென்ற அதே நாளில், வால்ழான் வழியில் வரும் ஓர் ஏழைச் சிறுவனின் நாணயத்தைக் காலால் மிதித்து மறைத்துப் பறித்துக்கொள்கிறான். சிறுவன் அழுதுகொண்டே ஓடிப்போகிறான். அதன் பிறகே இவனுக்குத் தன் இழிவு உறைக்கிறது. அவனைத் தேடி அலைந்தும் காண முடியாமல் கதறி அழுகிறான்.

இந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டால் கதை இனிமையாகிவிடும், ஆனால் பொய்யாகிவிடும். ஆதரவு என்பது மந்திரம் அன்று. மன்னிக்கப்பட்டவன் மறுநாளே திருந்திவிடுவான் என்று எதிர்பார்ப்பவர்கள்தாம், அவன் மறுபடி தவறும்போது, அன்பெல்லாம் இவனிடம் செல்லாது, அடிதான் செல்லும் என்று முதலில் கூவுகிறார்கள். குடிநோயாளர் மறுவாழ்வு இல்லங்களில் பணிபுரிவோர் இதை நன்கு அறிவார்கள். ஒரு முறை விட்டவன் மீண்டும் விழுவது, மீள்வதன் பாதையிலேயே உள்ள ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தைக் கணக்கில் கொள்ளாத கருணை நீடிப்பதில்லை.

ஹ்யூகோ மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. தெனார்தியே என்னும் விடுதிக்காரன் கதை நெடுகப் பணம் பெறுகிறான். குழந்தையை வைத்துப் பணம், மிரட்டிப் பணம், கடைசியில் இரக்கத்தாலும் பணம். ஒன்றும் அவனை மாற்றவில்லை. இறுதியாகக் கிடைத்த தொகையோடு கடல் கடந்து போய் அடிமை வாணிகம் செய்கிறான். ரொட்டி திருடியவனையும் பிறர் துன்பத்தை விற்றுப் பிழைப்பவனையும் ஆசிரியர் ஒரே தராசில் நிறுத்தவில்லை. இந்த வேறுபாடு நம் கடற்கரைக்கு மிகவும் தேவைப்படுகிறது.

எக்கியார்குப்பமும் கருணாபுரமும்

2023 மே 13-ஆம் நாள் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் ஊரில் சாராயம் என்று நம்பி மெத்தனால் கலந்த நச்சுத் திரவத்தைக் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். அதே நாட்களில் செங்கற்பட்டு மாவட்டத்திலும் சாவு நிகழ்ந்தது. இரு மாவட்டங்களிலுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பதின்மூன்று மாதங்கள் கழித்து, 2024 சூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60-க்கும் மேற்பட்டோர் அதே நஞ்சுக்கு இரையாயினர்.

இரு முறையும் மாநில அரசு இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. உடனே ஒரு குரல் எழுந்தது. எல்லையில் நின்று உயிர் கொடுத்தவனுக்கா கொடுக்கிறார்கள்? கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவனுக்கா பரிசு? உழைத்துப் பிழைப்பவன் வரி கட்ட, ஒழுங்கற்றவன் குடும்பம் லட்சம் பெறுவதா? தேநீர்க் கடைகளிலும் இக்குரல் ஒலித்தது. நம் ஆலய முற்றங்களிலும் ஒலித்தது. நிவாரணத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் தொடரப்பட்டது.

இக்குரலை எள்ளி ஒதுக்கிவிடக் கூடாது. அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. ஊதாரி மைந்தன் உவமையில் வயலிலிருந்து திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்ட மூத்த மகனின் நியாயம் அது. அந்த உவமையில் தந்தை மூத்தவனைக் கடிந்துகொள்ளவில்லை. வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். ஒழுங்காக வாழ்பவனின் மனக்குறையைக் கேட்க எவரும் இல்லாத ஊரில் தவறியவனுக்கு அளிக்கும் ஆதரவும் நிலைக்காது. ஆனால் மூத்தவன் ஒன்றை மறந்துவிட்டான். விருந்தினால் அவனுடைய பங்கு குறையவில்லை. கருணாபுரத்துப் பணமும் குடித்தவன் கைக்குப் போகவில்லை, அவன் செத்துவிட்டான். அது போனது, அவன் குடித்தபோதெல்லாம் அடியும் பட்டினியும் தாங்கிய மனைவியிடமும் பிள்ளைகளிடமும்தான். குடித்தவனுக்குத் தண்டனை என்று நினைத்து அப்பணத்தை மறுத்தால், குற்றம் புரியாதவர்களே இரண்டாம் முறையும் தண்டிக்கப்படுவார்கள்.

மருத்துவமும் இங்கே ஒன்று சொல்கிறது. மெத்தனால் உடலுக்குள் சென்று பார்மிக் அமிலமாக மாறுகிறது. பார்வை நரம்பு கெடுகிறது. இரத்தத்தில் அமிலம் மிகுந்து உறுப்புகள் செயலிழக்கின்றன. தொடக்க மணி நேரங்களில் மருத்துவமனைக்கு வந்துவிட்டால் மாற்று மருந்தாலும் இரத்தச் சுத்திகரிப்பாலும் பலரைக் காப்பாற்ற முடியும். வயிற்று வலி என்று பொய் சொல்லி வீட்டிலே படுத்துக் கிடப்பவனை எந்த மருத்துவராலும் காக்க இயலாது. குடித்தேன் என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற ஊரில்தான் உயிர் பிழைக்கும். தண்டனைக்கும் ஆதரவுக்கும் இடையிலான வேறுபாடு சில வேளைகளில் இவ்வளவு கூர்மையானது. அது கண்ணொளிக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாடு.

அப்படியானால் தண்டனையே வேண்டாமா? தொழிற்சாலையில் கரைப்பானாகப் பயன்படும் நஞ்சு இதுவென்று அறிந்தும் அதைக் குடிப்பதற்கு விற்றவன் வால்ழான் அல்லன், தெனார்தியே. 2024 சூன் 29-இல் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, கள்ளச்சாராயத்தால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க வழி செய்தது. அறிந்தே நஞ்சு விற்பவனிடத்தில் கடுமை காட்டுவது கொடுமை ஆகாது. ஆயரும் தம் பாத்திரங்களைத்தான் தானம் செய்தார். பிறர் பொருளையும் பிறர் உயிரையும் தானம் செய்து மன்னிப்பு வழங்கும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆயினும் கடுமையான சட்டத்தை மட்டும் நம்பி இருப்பவர்கள் பொம்மையார்பாளையத்துக் கடலை ஒரு முறை பார்ப்பது நல்லது. புதுவைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 1980-களில் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது. நகரைக் காக்கக் கரை நெடுகக் கருங்கற்கள் அடுக்கப்பட்டன. நகரம் தப்பியது, அரிப்பு நிற்கவில்லை, வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை மீனவர் வீடுகளைக் கடல் கொண்டது. தங்களுக்கும் தூண்டில் வளைவு வேண்டுமென்று அவ்வூரார் கேட்கத் தொடங்கினர். ஓரிடத்தில் கல் போட்டால் அடுத்த இடத்தில் கரை போகிறது. கள்ளச்சாராயமும் அப்படித்தான். 2023-இல் மரக்காணத்தில் சோதனையும் கைதும் பெருகின. அடுத்த ஆண்டே கல்வராயன் மலையடிவாரப் பகுதியில் சாவு விழுந்தது. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை அரசே தன் கையில் வைத்திருக்கிறது. அந்தக் கடையில் வாங்க இயலாத ஏழை, மலிவானதைத் தேடிப் போகிறான். அவனுடைய கூலியையும் உடல்வலியையும் தொடாத எந்தச் சட்டமும் கருங்கல் சுவராகவே முடியும்.

பான்தீனைத் துரத்தியவர் யார்?

நாவலின் மிக வலிய பகுதி எது என்று கேட்டால், ஆயரின் காட்சியைவிடப் பான்தீன் கதையையே சுட்டத் தோன்றுகிறது. வால்ழான் இப்போது வேறு பெயரில் ஆலை முதலாளி, நகரத் தலைவர், நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தருபவர். அவர் ஆலையில் ஒழுக்கம் பேணப்படுகிறது. மணமாகாத தாயான பான்தீன் தன் குழந்தையை மறைத்து வைத்திருப்பது தெரிந்ததும், மேற்பார்வையாளர் முதலாளியின் பெயரால் அவளை வேலையிலிருந்து நீக்குகிறார். முதலாளிக்கு இது தெரியவே தெரியாது. அவள் தலைமுடியை விற்கிறாள், பல்லை விற்கிறாள், கடைசியில் தன்னையே விற்கிறாள். ஒரு செல்வந்தன் விளையாட்டாக அவள் முதுகில் பனிக்கட்டியைத் திணிக்க, அவள் அவனைத் தாக்குகிறாள். ஜாவர் அவளுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கிறார். செல்வந்தன் நழுவிப் போய்விடுகிறான்.

ஆயரின் கருணையால் உயிர் பெற்றவனின் நிறுவனத்திலேயே ஒரு பெண் தெருவுக்குத் தள்ளப்படுகிறாள் என்பதில்தான் ஹ்யூகோவின் கூர்மை விளங்குகிறது. தனிமனிதர் இரக்கமுள்ளவராக இருக்கலாம். அவர் பெயரால் இயங்கும் அமைப்பு இரக்கமற்றதாக இருக்கலாம். நம் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் சபைகளுக்கும் இது ஒரு நிலைக்கண்ணாடி. நற்பெயரைக் காப்பதற்காக நாம் வெளியேற்றிய மாணவன் எங்கே போனான், எந்தக் கூட்டத்தில் சேர்ந்தான் என்று பின்தொடர்ந்து பார்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டா? வெளியேற்றிய பின் அவனுக்குச் சமூக விரோதி என்று பெயர் சூட்டுவது எளிது.

அந்தச் சொல்லின் கதையும் ஆராயத்தக்கது. 2018 மே 22-இல் தூத்துக்குடியில் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் உயிரிழந்தபோது, கூட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்துவிட்டனர் என்னும் பேச்சே பல திசைகளிலிருந்தும் ஒலித்தது. திருடனுக்கும் குடிகாரனுக்கும் போராடுபவனுக்கும் ஒரே சொல் பொருந்துமானால், அச்சொல் குற்றத்தைச் சுட்டவில்லை. சொல்பவரின் எரிச்சலைச் சுட்டுகிறது. 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம் இந்த எரிச்சலையே சட்டமாக்கிற்று. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதை அழைத்தனர். பிறந்த குலம் ஒன்றே குற்றமாகக் கொள்ளப்பட்டது. வெளியூர் செல்வோர் ராதாரிச் சீட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. வால்ழானின் மஞ்சள் சீட்டு தண்டனை முடிந்தபின் வந்தது. நம்மவர் சீட்டோ குற்றம் நிகழும் முன்பே வந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது.

இன்னும் அண்மையில் நடந்த ஒன்றை எழுதக் கை கூசுகிறது. 2022 திசம்பர் இறுதியில் செங்கற்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். இருப்புப்பாதைப் பணிக்குரிய மின்கலத்தைத் திருடினான் என்பதே அவன்மேல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு. தாக்கியதாக இல்லப் பணியாளர்களே கைது செய்யப்பட்டனர். அதன்பின் இத்தகைய இல்லங்களைச் சீரமைக்கும் வழிகளை ஆராய, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு நியமித்தது. அந்த இல்லம் சிறை அன்று. சிறுவரைப் பேணித் திருத்துவதற்கென்றே சட்டம் அமைத்த இடம். பெயர்ப்பலகையை மாற்றிவிட்டால் தண்டனை ஆதரவாக மாறிவிடாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. ஒரு ரொட்டிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் என்று படித்துக் கண்ணீர் விடும் நாம், ஒரு மின்கலத்துக்கு ஓர் உயிர் என்ற செய்தியை நாளிதழில் புரட்டிவிட்டுப் போனோம்.

ஜாவரின் துயரம்

ஜாவரைக் கொடியவராகக் காண்பது நூலைத் தவறாகப் படிப்பதாகும். அவர் கையூட்டு வாங்காதவர். தம் தலைவரைத் தவறாக ஐயுற்றதாகக் கருதியபோது, தம்மையே பணிநீக்கம் செய்யும்படி கேட்கும் அளவுக்கு நேர்மையானவர். அவருடைய குறை ஒன்றே: மனிதன் மாறக்கூடியவன் என்பதை அவர் நம்பவில்லை. தாம் துரத்திய கைதியே தம் உயிரைக் காத்தபோது அவருடைய உலகம் சரிந்தது. கைது செய்தால் நன்றி கொன்றவர் ஆவார். விட்டுவிட்டால் கடமை தவறியவர் ஆவார். இரண்டுக்கும் இடையே வழி தெரியாமல் சேன் ஆற்றில் விழுந்து மடிகிறார். கருணையைப் பிறருக்கு வழங்கத் தெரியாதவர், தமக்கு அது வழங்கப்படும்போதும் ஏற்கத் தெரியாமல் அழிகிறார்.

இந்த இடத்தில் நூலின்மேல் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். கருணைக்கும் சட்டத்துக்கும் இடையே பாலமே இல்லை என்பது போல ஹ்யூகோ கதையை முடிக்கிறார். வால்ழான் நல்லவனாக வாழ வேண்டுமானால் பெயரை மறைத்துப் பொய்யனாக வாழ வேண்டும். உண்மைப் பெயரைச் சொன்னால் மீண்டும் விலங்கு. ஓர் ஆயர் அவனை ஏற்றார். ஊர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆற்றில் விழாமலேயே ஜாவர் மாறக்கூடிய ஒரு முறைமையை ஆசிரியர் கற்பனை செய்து பார்க்கவில்லை.

அந்தப் பாலத்தைக் கட்டும் முயற்சிகள் பின்னாளில் நிகழ்ந்திருக்கின்றன. நம் நாட்டின் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம், சிறு திருட்டில் முதன்முறை பிடிபட்டவரைக் கண்டித்து விடுவிக்கவும் நன்னடத்தை அலுவலரின் பொறுப்பில் விடவும் நீதிமன்றத்துக்கு வழி தந்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சமூக சேவையே அவருக்குத் தண்டனை என்கிறது. ஆயர் தனிமையில் சொன்னதைச் சட்டம் இப்போது மன்றத்தில் சொல்ல முற்படுகிறது. எடுத்ததைக் கொடு, ஊருக்கு உழை, பிறகு உன் பெயரோடே வாழு. ஏட்டில் உள்ள இந்த வாய்ப்பை நீதிமன்றங்களும் வழக்கறிஞர்களும் எவ்வளவு பயன்படுத்துவார்கள் என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமையும்.

நம் மீனவர் ஊர்களின் பஞ்சாயத்துக்கும் இந்த முறை புதிதன்று. தவறு செய்தவன் ஊர்க்கூட்டத்தில் தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்டம் கட்ட வேண்டும். கட்டியபின் அவன் பழையபடி ஊரான். தண்டமும் உண்டு, திரும்பி வரும் வழியும் உண்டு. ஆனால் அதே பஞ்சாயத்து ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்து, எவரும் பேசக் கூடாது என்று கட்டுப்பாடு விதிக்கும்போது, அது ஜாவரைவிடக் கொடியதாகிவிடுகிறது. தண்டனையை அறமாக்குவது அதன் கடுமையோ மென்மையோ அன்று. அதற்கு ஒரு முடிவு இருக்கிறதா என்பதே.

சக்கேயுவின் வீட்டில் நிகழ்ந்ததும் இதுதான். முதலில் ஆண்டவர் அவன் பந்தியில் அமர்கிறார்; ஊர் முணுமுணுக்கிறது. பிறகு அவனே எழுந்து, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகக் கூறுகிறான். உணவு முந்தியது, ஈடு பிந்தியது, இரண்டும் நிகழ்ந்தன. ஒப்புரவு அருள்சாதனத்திலும் பாவமன்னிப்பு பெற்றவன் திருடிய பொருளைத் திருப்பித் தரும் கடமையிலிருந்து விடுபடுவதில்லை.

இதற்கு நம் காலத்திலேயே ஒரு சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற உழவர்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைச் சகோதரி ராணி மரியா, 1995 பிப்ரவரி 25-இல் ஓடும் பேருந்தில் சமுந்தர் சிங் என்பவரால் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் துறவியுமான செல்மி பால், 2002-இல் சிறைக்கே சென்று அவர் கையில் ராக்கி கட்டித் தம் சகோதரராக ஏற்றார். குடும்பத்தார் மன்னித்ததோடு அவருடைய விடுதலைக்கும் இசைந்தனர். 2006-இல் அவர் விடுதலையானார். 2017 நவம்பர் 4-இல் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார். அவர் பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் சிறைக்கதவு திறந்தபோது அவர் கையில் மஞ்சள் சீட்டு இல்லை. ஒரு நூல் இருந்தது.

நம் பங்குக்கு வரும் கேள்வி

காலாப்பட்டுச் சிறை வளாகத்தில் அண்மை ஆண்டுகளில் கைதிகள் மண்ணைத் திருத்தி இயற்கை வேளாண்மை செய்யத் தொடங்கினர். அது வரவேற்கத்தக்கது. ஆனால் வால்ழானின் உண்மையான தண்டனை சிறைக்குள் நிகழவில்லை. விடுதலையான அன்று மாலை, ஒவ்வொரு கதவாகத் தட்டியபோதுதான் தொடங்கியது. அங்கே வெண்டையும் கத்தரியும் பயிரிட்டவன் தண்டனை முடிந்து கடற்கரைச் சாலையில் தெற்கே நடந்து வந்தால், அவனுக்கு வாடகைக்கு அறை தருபவர் யார்? படகில் ஏற்றிக்கொள்பவர் யார்? அவன் மகளைப் பெண் கேட்டு வருபவர் யார்? நீதிமன்றம் தீர்மானித்த தண்டனைக்கு நாள் கணக்கு உண்டு. ஊர் தீர்மானிக்கும் தண்டனைக்குக் கணக்கே இல்லை.

ஆகவே, ஒறுப்பதா தாங்குவதா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி நம்மைக் கேட்பவர்களுக்கு இந்நூல் தரும் விடை தெளிவானது. அறிந்தே பிறர் உயிரோடு விளையாடுபவனைத் தடுத்து நிறுத்தத் தண்டனை வேண்டும். அதற்கு அளவும் முடிவும் வேண்டும். பசியாலும் நோயாலும் பழக்கத்தாலும் தவறுபவனுக்கு ஆதரவு முந்த வேண்டும். அதோடு ஒரு கடமையும் சேர வேண்டும். எவனுக்கும், தெனார்தியேக்கும் கூட, திரும்பும் வழி அடைபடக் கூடாது. அவன் அவ்வழியில் வரமாட்டான் என்பது வேறு செய்தி.

அன்பியக் கூட்டங்களிலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் ஏழைகளின் பட்டியலை நாம் ஆண்டுதோறும் எழுதுகிறோம். சிறையிலிருந்து வந்தவனின் வீடும், சாராய வழக்கில் உள்ளே இருப்பவனின் வீடும், குடிநோய்க்கு மருத்துவம் பெற்றுத் திரும்பியவனின் வீடும் அப்பட்டியலில் எத்தனை முறை இடம்பெற்றன? வரும் கூட்டத்தில் ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பெயர்களை எழுதத் தொடங்குங்கள். எழுதிய பின் அந்த வீடுகளின் கதவைத் தட்டுங்கள்.